முத்துலட்சுமி அம்மையாரின் வீடு

போட்டித் தேர்வுக்குப் படிக்கிற யாரைக் கேட்டாலும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றி நான்கு வரி மளமளவென்று சொல்லிவிடுவார்கள். ஆண்கள் கல்லூரியில் சேர்ந்து படித்த பெண். எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையின் முதல் பெண் ஹவுஸ் சர்ஜன். சென்னை மாகாணச் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினர், முதல் பெண் துணைத் தலைவர். எல்லாம் சரிதான். "முதல்" என்ற சொல் இத்தனை முறை வரும் வாழ்க்கையை மனப்பாடம் செய்வது எளிது. ஆனால் அந்த நான்கு வரியில் அவருடைய வீடு இல்லை. கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை, அம்மா இல்லை, தங்கை இல்லை. அவர்களை விட்டுவிட்டால் அந்த அம்மையார் செய்த எந்தக் காரியமும் எனக்குப் பாதிதான் விளங்குகிறது. அதனால் இந்தக் கட்டுரையில் வீட்டுக்குள்ளிருந்து பார்க்கப் போகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. "இந்தியாவின் முதல் பெண் மருத்துவர்" என்று இவரைப் பற்றி ஆண்டுதோறும் ஜூலை 30 அன்று வாட்ஸாப்பில் ஒரு செய்தி சுற்றும். அது தவறு. அவர் பிறந்த 1886இலேயே ஆனந்தி கோபால் ஜோஷி அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்றுவிட்டார். கல்கத்தாவில் காதம்பினி கங்குலியும் அதே ஆண்டில் மருத்துவர் ஆனார். சென்னை மருத்துவக் கல்லூரியிலேயே 1875இல் பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள். இல்லாத பட்டத்தைச் சூட்டித்தான் முத்துலட்சுமியைப் பெருமைப்படுத்த வேண்டும் என்றில்லை. செய்த வேலையே மலைபோலக் கிடக்கிறது.

புதுக்கோட்டையில் பிறந்தவர். அப்பா நாராயணசாமி ஐயர், அங்கே மகாராஜா கல்லூரியின் முதல்வர். இன்றைக்கு மன்னர் கல்லூரி என்கிறோமே, அதுதான். அம்மா சந்திரம்மாள், பொட்டுக்கட்டும் வழக்கம், அதாவது பெண் குழந்தைகளைக் கோயிலுக்குத் தேவதாசிகளாக நேர்ந்துவிடும் வழக்கம் இருந்த இசை மரபிலிருந்து வந்தவர். அவரை மணந்ததற்காக ஐயரின் உறவுகள் அவரை ஒதுக்கி வைத்தன. பிள்ளைகள் வளர்ந்தது அப்படி ஒதுக்கப்பட்ட வீட்டில்தான். ஊரில் மதிப்பான பதவியில் இருக்கும் அப்பா. ஊர் வேறு மாதிரி பார்க்கும் அம்மா. அந்த இரண்டு பார்வைக்கும் நடுவில் ஒரு பெண் குழந்தைக்கு என்னென்ன காதில் விழுந்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய கற்பனை வேண்டியதில்லை. பின்னாளில் சட்டசபையில் எழுந்து நின்று அவர் பேசியதைப் படிக்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது சந்திரம்மாள்தான்.

அப்பா படிக்க வைக்க நினைத்தார். அம்மாவுக்குக் கல்யாணம் செய்து கொடுத்துவிட வேண்டும் என்ற கவலை. இதில் அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மகள் ஒரு நல்ல வீட்டில் "இன்னார் மனைவி" என்று இருந்துவிட்டால் போதும், யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது என்று அந்தத் தாய் நினைத்திருப்பார். அவர் வந்த இடத்திலிருந்து பார்த்தால் அது பெரிய ஆசை. வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்றது; படிப்பு வீட்டிலேயே தொடர்ந்தது. மெட்ரிகுலேஷன் தேறினார். பிறகு கல்லூரி. அது பையன்கள் மட்டும் படித்த கல்லூரி. பெண் வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்த பிறகுதான் 1904இல் உள்ளே போக முடிந்தது. மூடிய வண்டியில் வந்து இறங்குவார். வகுப்பில் அவருக்கும் மாணவர்களுக்கும் நடுவே திரை. பாடம் நடத்தும் குரல் திரையைத் தாண்டி வரும். வகுப்பு முடிந்ததும் மறுபடி வண்டி.

அந்தத் திரையைப் பற்றி நான் நிறைய யோசித்ததுண்டு. பாடம் புரியவில்லை என்றால் எழுந்து கேட்டிருப்பாரா? கேட்டால் அந்தப் பக்கம் இருக்கும் பையன்கள் சிரித்திருப்பார்களா? பதினெட்டு வயதில் அதையெல்லாம் தாண்டி வந்தவர், பின்னால் எந்தச் சபையிலும் கூச்சப்படாமல் பேசியதில் வியப்பில்லை.

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912இல் பதக்கங்களோடும் பரிசுகளோடும் மருத்துவர். இந்த ஐந்து ஆண்டுகளை நான் வேகமாகக் கடந்து போகிறேன், ஏனென்றால் இதைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். எனக்குச் சொல்ல வேண்டியது அதற்கு அப்புறம் வருகிறது.

1914 ஏப்ரலில் அவருக்குத் திருமணம். மாப்பிள்ளை டாக்டர் சுந்தரரெட்டி, அறுவை சிகிச்சை மருத்துவர். சாதி வேறு. சடங்கு கிடையாது. 1872ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி பதிவு. அந்தச் சட்டத்தின் கீழ் மணம் செய்கிறவர்கள் தாங்கள் இந்து, கிறிஸ்தவம், இஸ்லாம் என்று எந்த மதத்தையும் பின்பற்றுகிறவர்கள் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஊரும் உறவும் பார்க்கிற இடத்தில் அப்படிக் கையெழுத்துப் போடுவது இன்றைக்கே பலருக்கு முடியாத காரியம்.

மணப்பெண்ணுக்கு அப்போது 27 வயது. அந்தக் காலக் கணக்கில் கல்யாண வயது கடந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. திருமணமே வேண்டாம் என்ற எண்ணமும் அவருக்கு இருந்தது. சம்மதிக்கும் முன் அவர் ஒரு நிபந்தனை வைத்தார்: தன்னை எப்போதும் சமமாக மதிக்க வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. சுந்தரரெட்டி ஒப்புக்கொண்டார். இதை அம்மையார் பின்னாளில் தன்வரலாற்றில் தாமே எழுதி வைத்திருக்கிறார். அரை நூற்றாண்டுக்குப் பிறகும் மறக்காமல் எழுதுகிறார் என்றால் அது போகிற போக்கில் கேட்ட கேள்வி இல்லை.

கல்யாணத்துக்கு முன் ஆண்கள் வாக்குக் கொடுப்பது எல்லாக் காலத்திலும் நடப்பதுதான். "நீ வேலைக்குப் போகலாம், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று சொன்னவர்கள் எத்தனை பேர், முதல் குழந்தை பிறந்ததும் அதை மறந்தவர்கள் எத்தனை பேர் என்று நம் குடும்பங்களிலேயே எண்ணிப் பார்க்கலாம். சுந்தரரெட்டி மறக்கவில்லை. இரண்டு மகன்கள் பிறந்தார்கள், ராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி. அம்மையாரின் மருத்துவத் தொழில் நடந்துகொண்டிருந்தது. 1917இல் அடையாறில் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தின் வேலைகள் வேறு. 1925இல் மேல்படிப்புக்காக இங்கிலாந்து போகும் வாய்ப்பு வந்தபோது குடும்பமே கப்பலேறியது. மனைவி படிக்கப் போகிறாள், கணவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கூடப் போகிறார்கள். 1925இல்! இன்று மனைவிக்கு வெளியூருக்கு மாற்றல் வந்தால் நம் வீடுகளில் நடக்கும் பேச்சை நினைத்துப் பார்த்துவிட்டு அந்த ஆண்டை இன்னொரு முறை படியுங்கள்.

சுந்தரரெட்டியைப் பற்றித் தமிழில் தனியாக ஒரு நல்ல கட்டுரை கூட என் கண்ணில் படவில்லை. அவருக்கும் ஒரு தொழில் இருந்தது, பெயர் இருந்தது. மனைவியின் பெயர் அதைவிடப் பெரிதாக வளர்ந்தபோது அவர் ஒதுங்கி நின்று முணுமுணுத்ததாக எங்கும் இல்லை. அம்மையாரைக் கொண்டாடும் மேடைகளில் இவர் பெயரையும் ஒரு தடவை சொல்லலாம் என்பது என் ஆசை. கணவன் இப்படி இருந்தால் ஒரு பெண் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

சிலர் கேட்கலாம், சமமாக மதிப்பது ஒரு கணவனின் கடமைதானே, அதற்கு என்ன பாராட்டு என்று. நியாயமான கேள்வி. ஆனால் சட்டத்தில் பெண்ணுக்கு அப்படி எந்த உரிமையும் எழுதப்படாத காலம் அது. மனைவி வாய்விட்டுக் கேட்டாள், கணவன் கொடுத்தான், கடைசிவரை நிறைவேற்றினான். அதை எழுதி வைப்பதில் தவறில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இங்கிலாந்துப் பயணத்துக்கு முன்னால் அந்த வீட்டில் ஒரு சாவு நடந்திருந்தது. தங்கை சுந்தராம்பாள். 1920களின் தொடக்கம். வயிற்றுப்போக்கு, இரத்தம். சீதபேதி என்று மருத்துவம் பார்த்தார்கள். அது மலக்குடலில் வந்த புற்றுநோய் என்று தெரியும்போது காலம் கடந்துவிட்டது. அக்கா மருத்துவர். அக்காவின் கணவர் அறுவை சிகிச்சை மருத்துவர். வீட்டிலேயே இரண்டு பேர் இருந்தும் எதுவும் செய்ய முடியவில்லை. புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை அப்போது தென்னிந்தியாவில் எங்கும் கிடையாது. பம்பாயில் டாடா மருத்துவமனை வருவதற்கே 1941 ஆகிவிட்டது. வலியில் துடிக்கிற தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து, படித்த படிப்பு எதற்கும் உதவாமல் போவதைப் பார்ப்பது எப்படிப்பட்ட கொடுமை! லண்டனில் இருந்தபோது புற்றுநோய் மருத்துவமனையைப் போய்ப் பார்த்தார். நம் ஊரிலும் இப்படி ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அங்கே உறுதியானது. அது கட்டடமாக எழுந்து நிற்க ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆனது வேறு கதை, அதற்கு வருகிறேன்.

1926இல் பாரிஸில் நடந்த பன்னாட்டு மாதர் மாநாட்டில் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டுவிட்டு ஊர் திரும்பினார். அந்த ஆண்டில்தான் பெண்கள் சட்டசபைக்குப் போட்டியிடலாம் என்ற உரிமை வந்தது. கமலாதேவி சட்டோபாத்யாய மங்களூரில் நின்று சொற்ப வாக்குகளில் தோற்றார். மாதர் சங்கம் முத்துலட்சுமியின் பெயரைப் பரிந்துரைத்தது; அரசு அவரை நியமித்தது. அவர் தயங்கினார். மருத்துவத் தொழில் கெட்டுவிடும் என்ற தயக்கம். அரசியல் அவர் தேடிப் போனதில்லை. ஆனால் உள்ளே போனதும் உறுப்பினர்கள் ஒருமனதாக அவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

சபையில் அவர் பேசியவை எவை என்று வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். பள்ளிக் குழந்தைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை, பெண் குழந்தைகளின் கல்வி, குழந்தைத் திருமணத் தடை, பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிப்பது. ஒரு தாயும் மருத்துவரும் அன்றாடம் கண்ணால் பார்ப்பவை இவை. பதினான்கு வயதுப் பெண்ணுக்குப் பிரசவம் பார்த்தவருக்குக் குழந்தைத் திருமணம் வெறும் விவாதப் பொருளாக இருக்க முடியாது.

பொட்டுக்கட்டுத் தடை பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1927இல் தீர்மானம் கொண்டுவந்தார். 1929இல் ஒரு சட்டத்திருத்தம் நிறைவேறியது. கோயில் பணிக்கு ஈடாகத் தேவதாசிகள் அனுபவித்துவந்த மானிய நிலங்களை அந்தப் பணியிலிருந்து விடுவித்து அவர்களுக்கே உரிமையாக்கும் திருத்தம் அது. பொட்டுக்கட்டுவதையே குற்றமாக்கும் முழுமையான சட்டம் 1947இல் ஓமந்தூரார் ஆட்சிக் காலத்தில்தான் வந்தது. எதிர்த்தவர்களில் சத்தியமூர்த்தி போன்ற பெரிய தலைவர்களும் இருந்தார்கள். தேவதாசிப் பெண்களே சங்கம் கூட்டி அரசுக்கு மனு அனுப்பினார்கள்: எங்கள் கலையும் சொத்தும் போய்விடும், எங்களைக் கேட்காமல் எங்களைப் பற்றிச் சட்டம் போடாதீர்கள் என்று. அந்தக் குரலில் நியாயம் இருந்தது. படித்த பெண்களாக, சொத்துரிமை உள்ள பெண்களாக, பெரும் கலைஞர்களாக வாழ்ந்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். அவர்கள் எல்லோரையும் ஒரே சொல்லால் இழிவாகப் பேசும் பழக்கம் அந்தச் சட்டத்தோடு சேர்ந்தே வளர்ந்தது என்பதையும் மறுக்க முடியாது. அதே சமூகத்துக்குள்ளிருந்து மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் போன்றவர்கள் ஒழிப்புக்காகத் தெருவில் இறங்கிப் போராடினார்கள் என்பதும் உண்மை.

நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், சந்திரம்மாளின் மகள் பக்கம். ஏழு வயது, எட்டு வயதுக் குழந்தையின் கழுத்தில், அவளைக் கேட்காமல், வாழ்நாள் முழுவதற்குமான முடிவைக் கட்டிவிடுவதை நிறுத்தியே ஆக வேண்டியிருந்தது. கலையை எப்படிக் காப்பாற்றுவது என்ற கேள்விக்கு அவரிடம் முழுப் பதில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. குழந்தையைக் காப்பாற்றுவது எப்படி என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை.

1930 மே மாதம் காந்தி கைதானார். அம்மையார் சட்டசபைப் பதவியை விட்டு விலகினார். கொண்டுவந்த வேலை பாதியில் நிற்கிறது என்று தெரிந்தே விலகினார்.

அந்தக் காலகட்டத்தில்தான் அவர் வீட்டுக் கதவைச் சில பெண்கள் வந்து தட்டினார்கள். பொட்டுக்கட்டும் வாழ்க்கை வேண்டாம் என்று ஓடிவந்தவர்கள். தங்கிப் படிக்க இடம் தேடி விடுதிகளைக் கேட்டுப் பார்த்தார். சாதியையும் பிறப்பையும் சொல்லி மறுத்துவிட்டார்கள். சரி, இங்கேயே இருங்கள் என்று தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அப்படித் தொடங்கியதுதான் ஔவை இல்லம். பிறகு அடையாறில் தனி இடத்துக்குப் போய் ஆதரவற்ற பெண் குழந்தைகளுக்கான விடுதியும் பள்ளியுமாக வளர்ந்தது. இன்றும் நடக்கிறது.

இந்த இடத்தில் எனக்கு அந்த வீட்டுப் பிள்ளைகள் நினைவுக்கு வருகிறார்கள். வளரும் பையன்கள். அம்மா ஏற்கெனவே மருத்துவமனை, சங்கம், சட்டசபை என்று ஓடிக்கொண்டிருக்கிறார். வீட்டில் இருக்கும் கொஞ்ச நேரத்தையும் இப்போது வேறு பிள்ளைகளோடு பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அம்மாவின் மடி தங்களுக்கு மட்டும் இல்லை என்று அவர்களுக்கு எப்போது புரிந்திருக்கும்? மனக்குறை இருந்திருக்காது என்று சொல்ல நான் யார். ஆனால் அந்தப் பையன்களில் ஒருவர் பின்னால் என்ன செய்தார் என்பதைப் பார்த்தால் பதில் கொஞ்சம் தெரிகிறது.

இந்த அம்மையார் மீது எனக்கு இவ்வளவு ஈடுபாடு வரக் காரணம் என் அம்மா. புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தார். ஊர்க்காரர்களுக்கு நர்சம்மா. அம்மாவின் துணிப்பையில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, சத்து மாத்திரை அட்டைகள், ஓரம் மடங்கிப்போன பெரிய பதிவேடு, அதோடு கட்டாக டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்ட விண்ணப்பங்கள். ஏழைக் கர்ப்பிணிகளுக்கு நல்ல சாப்பாட்டுக்காகவும் வேலைக்குப் போகாமல் ஓய்வெடுக்கவும் அரசு கொடுக்கும் பணம். எண்பதுகளின் இறுதியில் சில நூறு ரூபாயில் தொடங்கிய திட்டம். அம்மா வேலையில் இருந்த காலத்தில் 6,000 ரூபாயாகி, அப்புறம் 12,000 ஆனது. 2018இல் 18,000.

ஒரு நாள் பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போயிருந்தேன். ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அம்மா படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். எதிரில் ஏழு மாத வயிற்றோடு ஒரு அக்கா. வயலில் நடவு முடித்து வந்த ஈரம் கால் விரல்களில் இன்னும் காயவில்லை. "இந்தப் பணம் வந்தா வீட்ல குடுத்துடணுமா நர்சம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். அம்மா பேனாவை நிறுத்தி, நிமிர்ந்து, "பேங்க்ல உன் பேருக்குத்தான் வரும். முட்டை வாங்கு, பழம் வாங்கு. யாராவது கேட்டா நர்சம்மா திட்டும்னு சொல்லு" என்றார். சொல்லிவிட்டு மறுபடி குனிந்து எழுதத் தொடங்கினார். திரும்பி வரும்போது, இந்தப் படிவத்தில் யார் பெயர் இது என்று கேட்டேன். "நம்ம ஊர்க்காரங்க. மூடிய வண்டியில காலேஜுக்குப் போனவங்க" என்று ஆரம்பித்து பஸ் வரும்வரை சொன்னார். கல்யாணத்துக்கு வைத்த நிபந்தனையையும் அன்றுதான் முதலில் கேட்டேன். அதைச் சொல்லும்போது அம்மாவின் முகத்தில் இருந்த சந்தோஷம் இப்போதும் எனக்குத் தெரிகிறது. வீட்டில் அப்பா அம்மாவை எப்போதும் "வாங்க, போங்க" என்றுதான் கூப்பிடுவார். இரவு பிரசவத்துக்குப் போக வேண்டி வந்தால் அப்பாவே சைக்கிளில் கொண்டுபோய் விட்டு, விடியும்வரை வாசலில் காத்திருந்து கூட்டி வருவார். சுந்தரரெட்டியைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு அப்பாவும் ஒரு காரணம் என்று எழுதும்போதுதான் உறைக்கிறது.

அம்மா இப்போது இல்லை. அவர் நிரப்பிக் கொடுத்த படிவங்களில் பிறந்த பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள்.

சரி, புற்றுநோய் மருத்துவமனைக்கு வருகிறேன். 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் பேசிய அம்மையார், புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்ற தம் விருப்பத்தை எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். தங்கை போய் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. நடுவில் போர் வந்தது, விடுதலை வந்தது. 1949இல் மாதர் சங்கத்தின் பெயரில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கி வசூலில் இறங்கினார். அறுபது வயதைத் தாண்டிய பெண்மணி. புற்றுநோய் என்றால் சாவு என்றே எல்லோரும் நினைத்த காலம். அதற்கு மருத்துவமனை கட்டக் காசு கேட்டால் யாருக்குக் கை நீளும்? 1952 அக்டோபரில் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று அடையாறில் 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறந்தது. அம்மையாருக்கு வயது அறுபத்தெட்டை நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த 12 படுக்கைகளையும் பார்த்துக்கொள்ள முன்னால் நின்றவர் அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி. வெளிநாட்டில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர். தனியாகத் தொழில் நடத்தியிருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். சித்தி சாகும்போது அவர் சின்னக் குழந்தை. அந்தச் சாவு அம்மாவுக்குள் என்ன செய்தது என்பதைக் கூடவே இருந்து பார்த்து வளர்ந்தவர். அம்மா தொடங்கியதை அவர் தம் வாழ்க்கையாகவே எடுத்துக்கொண்டார். அடுத்த ஆண்டில் டாக்டர் வி. சாந்தா வந்து சேர்ந்தார். அரசு வேலைக்கான வாய்ப்பை விட்டுவிட்டு வந்த இளம் மருத்துவர். முதல் மூன்று ஆண்டுகள் சம்பளம் இல்லை. பிறகு மாதம் 200 ரூபாயும் வளாகத்துக்குள் தங்க இடமும். கிருஷ்ணமூர்த்தி 2010 வரை, சாந்தா 2021 ஜனவரியில் மறையும்வரை அங்கேயே இருந்தார்கள். சாந்தாவுக்கு 2005இல் மகசேசே விருதும் 2016இல் பத்ம விபூஷணும் கிடைத்தன. கையில் காசில்லாதவரையும் சேர்த்துக்கொள்ளும் மருத்துவமனை என்ற பெயரை அந்த இடம் சம்பாதித்தது இவர்களால்தான்.

சுந்தராம்பாளின் பெயர் எந்தப் பாடப்புத்தகத்திலும் பெரிதாக இருக்காது. ஆனால் தமிழ்நாட்டில் "அடையாறுக்குப் போய்க் காட்டுங்கள்" என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்லும் ஒவ்வொரு முறையும் அதற்குப் பின்னால் அந்தத் தங்கை இருக்கிறார்.

"வீட்டையும் வெளியையும் சமாளித்தார்" என்று சாதித்த பெண்களைப் பற்றி எழுதுவது நமக்குக் கைவந்த வாக்கியம். முத்துலட்சுமி அம்மையாருக்கு அது பொருந்தவே இல்லை. வீடு ஒரு தட்டு, வெளியுலகம் ஒரு தட்டு என்று அவர் தராசு பிடித்ததாகத் தெரியவில்லை. அம்மா பட்ட அவமானம் சட்டமாகப் போனது. தங்கையின் வலி மருத்துவமனை ஆனது. கதவைத் தட்டிய பெண்கள் வீட்டுக்குள் வந்தார்கள், வீடு இல்லம் ஆனது. பெற்ற பிள்ளையையே அந்த வேலைக்கு ஆளாக்கினார். இதற்கெல்லாம் இடம் கொடுக்கிற மாதிரி ஒரு வீடு முதலிலேயே வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கல்யாணத்துக்கு முன்னாலேயே அதைக் கேட்டு வாங்கினார்.

1956இல் பத்ம பூஷண் கிடைத்தது. 1968 ஜூலை 22 அன்று, 82 வயது நிறைய எட்டு நாள் இருக்கும்போது காலமானார். 2019இல் தமிழக அரசு அவர் பிறந்த ஜூலை 30ஐ மருத்துவமனை நாளாக அறிவித்தது.

தங்கை நல்லமுத்துவைப் பற்றி இங்கே எழுத முடியவில்லை. ராணி மேரிக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அதே அப்பா, அதே சந்திரம்மாள் வளர்த்த இன்னொரு பெண். அவருக்குத் தனியாக ஒரு பதிவு வேண்டும். சட்டசபையில் பொட்டுக்கட்டுத் தீர்மானத்தின் மீது நடந்த விவாதத்தையும் இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன். யார் யார் என்ன பேசினார்கள், மனு கொடுத்த பெண்கள் என்ன கேட்டார்கள் என்பதை முழுதாகப் படித்து முடித்ததும் அதையும் எழுதுகிறேன்.